காஞ்சிபுரம் ஒருநாள் சுற்றுலாவில் 11.35 மணிக்கு நடந்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் சென்னையில் சுற்றுலா வழிகாட்டியாக வேலை பார்க்கிறேன். சொந்த நிறுவனம் எதுவும் கிடையாது, ஏஜென்சிகள் கூப்பிட்டால் போவேன். இங்கே எழுதுவது ஒரு மே மாதச் சனிக்கிழமை காஞ்சிபுரத்துக்குப் போன ஒருநாள் பயணத்தைப் பற்றி. யார் பெயரும் இல்லை, ஏஜென்சியின் பெயரும் இல்லை. தப்பு நடந்த இடங்களில் பாதி என்னுடையது, அதை மறைக்காமலே எழுதியிருக்கிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கும், வயதானவர்களை இப்படி ஒருநாள் டூருக்கு அனுப்பி வைக்கிற பிள்ளைகளுக்கும் பயன்படலாம்.

பின்னணி

வண்டியில் 10 பேர். ஒரு குடும்பம் 6 பேர்: ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் (76 வயது), அவர் மனைவி (71), அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகள், அமெரிக்கரான மருமகன், 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பேத்திகள். அடுத்து பெங்களூரிலிருந்து வந்து நுங்கம்பாக்கத்தில் ஓட்டலில் தங்கியிருந்த நடுவயதுத் தம்பதி. கடைசியாக, கட்டடக்கலை படிக்கிற இரண்டு கல்லூரி மாணவிகள். ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாது. டெம்போ டிராவலர், டிரைவர், நான்.

ஏஜென்சி கொடுத்த அட்டவணையில் காலை 6 மணிக்கு மயிலாப்பூரில் ஏற்றுவது, அப்புறம் தி.நகர், நுங்கம்பாக்கம், போரூர் வழியாக 7.15க்கு நெடுஞ்சாலை, 8 மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் டிபன், 9 மணிக்கு காஞ்சிபுரம் என்று இருந்தது. மத்தியானத்துக்குள் ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், கைலாசநாதர் மூன்றும். சாப்பாடு, பட்டுக்கடை. நாலு மணிக்கு மேல் வரதராஜப் பெருமாள், உலகளந்த பெருமாள். ஆக ஐந்து கோயில். விளம்பரத் தாளிலும் 'ஐந்து கோயில்கள் ஒரே நாளில்' என்றுதான் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

காஞ்சிபுரம் தெரிந்தவர்களுக்கு இதில் எங்கே இடிக்கும் என்று உடனே புரிந்துவிடும். அங்கே முக்கியமான கோயில்கள் எல்லாம் மத்தியானம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குள் நடை சாத்திவிடுவார்கள், திறக்க நாலு மணியாகும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற கைலாசநாதர் கோயிலும் இதற்கு விலக்கில்லை. சென்னையிலிருந்து தூரம் சுமார் 75 கிலோமீட்டர்தான், ஆனால் போரூரைத் தாண்டுவதற்குள் பாதி உயிர் போய்விடும். அதனால் காலையில் அரை மணி நேரம் தாமதமானால் அது சாயங்காலம்வரை அப்படியே அரை மணியாக நிற்காது. பன்னிரண்டு மணியில் போய் முட்டி, நாலு மணி நேரமாக மாறிவிடும். இந்த ஊருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், இதெல்லாம் தெரிந்தும்தான் அந்த அட்டவணையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

காலை 6 முதல் 10 வரை

மயிலாப்பூரில் குடும்பம் இறங்கி வரும்போது 6.25. சின்னப் பேத்தியின் செருப்பைக் காணவில்லையாம். ஓட்டலில் இருந்த தம்பதிக்கு 7 மணி என்று ஏஜென்சியில் யாரோ தப்பாகச் சொல்லியிருந்தார்கள், அங்கே இருபது நிமிடம் போயிற்று. போரூர் தாண்டும்போது 8 மணி. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் நாங்கள் வழக்கமாக நிறுத்தும் ஓட்டலில் வாசல்வரை கூட்டம், சனிக்கிழமை என்பதால் வேலூர்ப் பக்கம் போகிற வண்டிகள் எல்லாம் அங்கேயே நின்றன. உட்கார இடம் கிடைக்கவே அரை மணியாகும் என்றார்கள். 'காஞ்சிபுரத்துக்குள் போய்ச் சாப்பிட்டுக்கலாம், அங்கே கூட்டம் இருக்காது' என்று நான் சொன்னேன். எல்லோரும் சரி என்றார்கள். இந்த முடிவு முழுக்க என்னுடையது.

காஞ்சிபுரத்துக்குள் 9.35க்குப் போய்ச் சேர்ந்தோம். டிபனுக்கு உட்கார்ந்ததும் நான் சொன்ன முதல் வாக்கியம், 'கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக்கலாம், பன்னிரண்டுக்கு நடை சாத்திடுவாங்க.' பத்துப் பேருக்குப் பத்து விதமாக ஆர்டர். பெரியவர் கேட்டது வெண்பொங்கல். அவருக்குத்தான் கடைசியாக வந்தது. மற்றவர்கள் கை கழுவ எழுந்த நேரத்தில்தான் அவர் இலைக்குப் பொங்கல் வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டார், எல்லோரும் நிற்பதைப் பார்த்தார், இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார். மனைவி ஏதோ சொல்ல, 'போதும், மத்தியானம் சேர்த்துச் சாப்பிட்டுக்கறேன்' என்றார். மடித்த இலையின் ஓரத்தில் பொங்கல் அப்படியே பிதுங்கிக்கொண்டு இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பரவாயில்லை, நேரத்தோடு கிளம்புகிறார்களே என்று நினைத்தேன்.

எனக்கு அப்போது தெரியாத ஒரு விஷயம் உண்டு. அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். எட்டு மணிக்கு டிபன் என்று தாளில் போட்டிருந்ததை நம்பி, சாப்பாட்டுக்கு முன்னால் போடவேண்டிய மாத்திரையை வண்டியிலேயே 7.30க்குப் போட்டுவிட்டார். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் கழித்து இரண்டு வாய்ப் பொங்கல். அவ்வளவுதான் அவர் வயிற்றில் இருந்தது.

ஏகாம்பரநாதர் கோயிலில்

இங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 192 அடி ராஜகோபுரம், கிருஷ்ணதேவராயர் 1509-ல் கட்டியது, அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே மண் லிங்கம் என்பதால் அபிஷேகம் லிங்கத்துக்கு இல்லை, அதன் பீடமான ஆவுடையாருக்குத்தான் என்று சொன்னேன். மருமகன் கொடிமரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார். இந்து அல்லாதவர்கள் கருவறைப் பக்கம் போக முடியாது என்பதை வண்டியிலேயே அவரிடம் தனியாகச் சொல்லி வைத்திருந்தேன். இதை வாசலில் பலகைக்கு முன்னால் நிறுத்தி வைத்துச் சொன்னால் மனிதருக்கு அவமானமாக இருக்கும். அன்றைக்கு நான் சரியாகச் செய்த ஒன்றிரண்டு காரியங்களில் இதுவும் ஒன்று.

நீளமான தூண் பிரகாரத்தில் நல்ல நிழல், கல் சில்லென்று இருந்தது. பெரியவர் எல்லோருக்கும் முன்னால் நடந்தார். வழக்கத்தைவிட வேகமாக நடந்தார் என்று அவர் மகள் பிறகு சொன்னார். வெளியே வந்தபோது 11.05.

கைலாசநாதர் கோயிலில் கண்டவை

அங்கிருந்து கைலாசநாதருக்கு ரொம்ப தூரம் இல்லை, 11.15க்கெல்லாம் உள்ளே இருந்தோம். இந்தக் கோயிலைப் பற்றி ஒரு விஷயம் சொன்னால்தான் பின்னால் வருவது புரியும். ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த கோயில் இது. பின்னாளில் வந்த கோயில்களைப் போல இங்கே நிழல் தரும் நீண்ட மண்டபங்கள் கிடையாது. நடுவில் விமானம், சுற்றிலும் திறந்தவெளி, மதிலை ஒட்டி 58 சின்னச் சின்னச் சன்னிதிகள், அவ்வளவுதான். அந்தச் சன்னிதி ஒவ்வொன்றும் குனிந்து எட்டிப் பார்க்கவேண்டியது. சிலதில் சுதைப் பூச்சின் மேல் பழைய ஓவியத்தின் மிச்சம், ஒரு கண், ஒரு கிரீடத்தின் விளிம்பு என்று ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அங்கேயே ஒரு நாள் போதாது. மே மாதம் பதினொன்றே காலுக்கு, செருப்பில்லாமல், அந்தக் கல்தரையில் நிற்பது வேறு கதை.

மாணவிகள் இருவரும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மதிலோரம் போய்விட்டார்கள். பேத்திகள் நிழல் விழுந்த இடம் பார்த்துத் தாவித் தாவிப் போனார்கள். பெரியவர் என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

'இதைக் கட்டினது யாரு?' என்றார். சொன்னேன். இரண்டு நிமிடம் கழித்து, 'இதைக் கட்டினது யாரு?' என்றார். காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நாங்கள் நின்றிருந்தது விமானத்தின் நிழலில், ஆனாலும் அவர் கழுத்திலும் நெற்றியிலும் வேர்வை வழிந்துகொண்டிருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயில், வயசு, என்று நினைத்தேன். வேட்டியை இறுக்கிக் கட்டப் பார்த்தார், விரல்கள் நடுங்கி, முனை இரண்டு தடவை நழுவியது. சின்னப் பேத்தி ஓடிவந்து கையைப் பிடித்தபோது உதறிவிட்டு, 'போ அந்தப் பக்கம்' என்று சத்தம் போட்டார். குழந்தை அழுதுவிட்டது.

அப்போதுதான் அவர் மனைவி வேகமாக வந்தார். என்னைப் பார்த்து அவர் சொன்னது இதுதான்: 'இவர் இப்படிப் பேசற ஆள் இல்லைங்க. சுகர் இறங்கியிருக்கும்.'

நேரம் 11.35. வேர்வை, நடுக்கம், கேட்டதையே திரும்பக் கேட்பது, காரணமில்லாத கோபம். நாலும் என் கண்ணெதிரில் வரிசையாக வந்தவை. தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். நாற்பத்தைந்து வருடம் கூட இருந்தவருக்கு ஒரே வாக்கியத்தில் தெரிந்தது.

உடனே எடுத்த முடிவுகள்

முதலில் உட்கார வைத்தோம். சின்னப் பேத்தியின் பையில் 200 மில்லி மாம்பழச் சாறு டப்பா ஒன்று இருந்தது. சர்க்கரை அளக்கும் கருவி வண்டியில் இருந்த பையில். முதலில் அளந்து பார்த்துவிட்டுக் கொடுக்கலாமா என்று மகள் யோசித்தார், காத்திருக்க வேண்டாம் என்று அவர் அம்மா சொல்லிவிட்டார். அது சரியான முடிவு. ஆள் நினைவோடு இருந்தார், விழுங்க முடிந்தது, அதனால் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்கக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இதை நான் பிறகுதான் முறையாகக் கற்றுக்கொண்டேன்.

ஒரு மாணவி வண்டிக்கு ஓடிப்போய்க் கருவியைக் கொண்டுவந்தார். பாதிச் சாறு உள்ளே போன பிறகும் 58 காட்டியது. 70க்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள். மிச்சத்தையும் குடிக்க வைத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 79. ஆள் தெளிந்திருந்தார். முதலில் கேட்டது, 'குழந்தை ஏன் அழுதிருக்கா?'

காவலாளி வந்து நேரமாகிவிட்டது என்றார். விஷயத்தைச் சொன்னதும் எதுவும் பேசாமல் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துவந்து நிழலில் போட்டார். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு எங்களை மட்டும் இருக்க விட்டார்.

இரண்டாவது முடிவு, ஆஸ்பத்திரி. ஏஜென்சி மேலாளருக்குப் போன் செய்தேன். 'ஃபேமிலியை ஆட்டோல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, நீங்க குரூப்பைக் காமாட்சிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, நடை சாத்தறதுக்குள்ள பார்த்துடலாம்' என்றார். அவர் பக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது, மீதி நாலு பேரும் காசு கட்டியவர்கள்தான். ஆனால் அந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரி, எங்கே, என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. மருமகனுக்குத் தமிழும் தெரியாது. மகள் ஊரைவிட்டுப் போய் பதினைந்து வருடமாகிறது. சர்க்கரை இப்போது ஏறியிருந்தாலும், காலையில் போட்ட மாத்திரை இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும், மறுபடி இறங்கலாம் என்று மனைவி சொன்னார். முடியாது என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு எல்லோருமாகவே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரியவர், மனைவி, மகள், நான் இறங்கிக்கொண்டோம். டிரைவர் வாலாஜாபாத் பக்கத்துக்காரர், ஊர் அத்துப்படி. மற்றவர்களை அவர் சாப்பிடக் கூட்டிப் போனார்.

காமாட்சியம்மன் கோயிலை விட்டாயிற்று. பெங்களூர் அம்மா அந்தக் கோயிலுக்காகத்தான் இந்த டூரையே எடுத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பன்னிரண்டிலிருந்து நாலு வரை

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள், இதயத்தில் ஒன்றும் இல்லை. சாப்பிட வைத்து, ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லி, மறுபடி அளந்து அனுப்பினார்கள். சாயங்காலம்வரை இரண்டு மணிக்கு ஒரு தடவை பார்க்கவேண்டும், வெயிலில் நடக்கக் கூடாது, ராத்திரி மாத்திரை பற்றி அவருடைய டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடவேண்டும் என்றார்கள்.

சென்னைக்குத் திரும்பிவிடலாமா என்று மகளிடம் கேட்டேன். தனி கார் ஏற்பாடு செய்யத் தயாராகவும் இருந்தேன். பெரியவர் குறுக்கிட்டு, 'வரதரைப் பார்க்காம நான் வர மாட்டேன்' என்றார். சண்டைக்குப் போகிற தெம்பு வந்துவிட்டது என்று மனைவி சொன்னார். டாக்டர் தடை சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு லாட்ஜில் நாலு மணிவரை ஏ.சி. அறை ஒன்று எடுத்துக் கொடுத்தேன், 900 ரூபாய், என் கையிலிருந்து.

அட்டவணைப்படி இந்த நேரத்தில் மற்றவர்களை ஏஜென்சி சொன்ன பட்டுக்கடைக்குக் கூட்டிப் போகவேண்டும். இதை வெளிப்படையாகவே சொல்கிறேன், இந்த மாதிரி டூர்களில் கோயில் சாத்துகிற நாலு மணி நேரம்தான் கடைக்காரருக்கும் ஏஜென்சிக்கும் சம்பாத்தியம். கூட்டி வருகிறவருக்குக் கமிஷன் உண்டு, எனக்கும் உண்டு, வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு மனசு வரவில்லை. ஒரு கோயிலை இழந்துவிட்டு நிற்பவர்களைக் கடையில் கொண்டுபோய் உட்காரவைத்துப் புடவை விரித்துக் காட்டினால், அதற்காகத்தான் கூட்டி வந்தோம் என்பதுபோல் ஆகிவிடும்.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவருக்குப் போன் செய்தேன். இரண்டு மணிக்குப் போனோம். குழித்தறியில் கோர்வைப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடம்பு மாம்பழ மஞ்சள், கரை அரக்கு. கோர்வை என்றால் இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா (ஊடு இழையை ஓட்டும் கட்டை), உடலுக்குத் தனி நாடா, ஆக மூன்று நாடா. ஒரு ஆளால் முடியாது, பக்கத்தில் உதவிக்கு ஒருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்து நாடாவை வாங்கி வாங்கிக் கொடுக்கவேண்டும். நிறம் மாறுகிற இடத்தில் இரண்டு இழையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதை அவர் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். பெரிய பேத்தி தரையில் படுத்துக்கொண்டு குழிக்குள் அவர் கால் மிதிப்பதை எட்டிப் பார்த்தாள். மருமகன் ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு எவ்வளவு நெய்வீர்கள் என்று பெங்களூர் அம்மா கேட்க, ஆரம்பித்த பேச்சு அரை மணி நேரம் போனது. அந்த அம்மாவின் முகம் அங்கேதான் கொஞ்சம் இளகியது. வாங்குவதாக இருந்தால் கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையம் இருக்கிறது, போகிற வழியில் நிறுத்துகிறேன் என்றேன். ஒரு புடவை எடுத்தார்.

நாலு மணிக்கு மேல்

மாணவிகள் ஒரு கோரிக்கையோடு வந்தார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் அட்டவணையிலேயே இல்லை, ஆனால் அவர்களுக்கு அதுதான் முக்கியம். நின்றும் இருந்தும் கிடந்தும் என்று மூன்று நிலைகளில் பெருமாள், பிரகாரச் சுவர் முழுக்கப் பல்லவர் வரலாறு, இரண்டாம் நந்திவர்மன் சின்னப் பையனாக அரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த கதை கல்லில் இருக்கிறது. அங்கே போய்வந்தால் பெரியவருக்கு இன்னொரு ஏறி இறங்கல். குழுவைப் பிரிக்கக் கூடாது என்பது பொதுவான விதி. மீறினேன். எங்களிடம் தொலைபேசி எண் இருக்கிறது, பட்டப்பகல், இரண்டு பேர், ஊருக்குள்ளேயே ஆட்டோவில் போய் ஐந்தே காலுக்கு வரதராஜர் கோயில் வாசலுக்கு வந்துவிடவேண்டும் என்று ஒப்புக்கொண்டு அனுப்பினேன். ஐந்து இருபத்தைந்துக்கு வந்தார்கள். வந்திராவிட்டால் இந்தப் பத்தி வேறு மாதிரி இருந்திருக்கும்.

வரதராஜரில் பெரியவரை மலைக்கு, அதாவது மேலே மூலவர் சன்னிதிக்கு, மெதுவாக மகள் கூட்டிப்போனார். சாயங்காலமாகிவிட்டதால் தரைச் சூடு ஆறியிருந்தது. தரிசனம் முடிந்து நூற்றுக்கால் மண்டபத்தருகில் உட்கார்ந்தார். மருமகனும் அங்கேதான் கல்சங்கிலியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். 1979-ல் அத்திவரதர் குளத்திலிருந்து வெளியே வந்தபோது இளவட்டமாக ரயில்வே பாஸில் ரயிலேறி வந்து, இதோ இந்தப் பக்கம்தான் வரிசையில் நின்றேன் என்று பெரியவர் பேத்திகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது வருடத்துக்கு ஒரு தடவைதான். 2019-ல் 48 நாள் வைத்திருந்தார்கள், அப்போது வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் விடவில்லையாம். ஐந்தரைக்கு அளந்தபோது சர்க்கரை 142. பிரசாதக் கடையில் மற்றவர்கள் கோயில் இட்லி வாங்கினார்கள், மிளகும் சுக்கும் போட்ட அந்த இட்லியில் ஒரு துண்டு அவருக்கும் போனது.

உலகளந்த பெருமாளையும் விட்டுவிட்டோம். 6.15க்குக் கிளம்பி, ஒன்பதரைக்கு மயிலாப்பூரில் கடைசியாக இறக்கினேன்.

அப்புறம் நடந்தவை

பெங்களூர்த் தம்பதி ஏஜென்சியில் புகார் கொடுத்தார்கள். சொன்ன ஐந்தில் மூன்றுதான் காட்டினார்கள் என்று. உண்மைதான். கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதில் பாதியை என் கணக்கில் பிடித்தார்கள். பட்டுக்கடைக்குப் போகாதது தனி வாக்குவாதம். லாட்ஜ் 900 ரூபாயில் பாதி மூன்று வாரம் கழித்து வந்தது.

இரண்டு நாள் கழித்து மகள் போன் செய்தார். அவர்களுடைய டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்து, வெளியூர் போகிற நாளில் தட்டு முன்னால் வந்த பிறகுதான் போடவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். 'அப்பாவுக்குச் சுகர் இருக்குன்னு நாங்கதான் முதல்லயே சொல்லியிருக்கணும்' என்றார். அவர்கள் சொல்லியிருக்கலாம். ஆனால் பதிவுப் படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. சாப்பாடு சைவமா அசைவமா என்று மட்டும் இருந்தது.

இப்போது மாற்றியிருப்பது

வரிசையை மாற்றிவிட்டேன். இப்போது முதலில் கைலாசநாதர், அப்புறம்தான் ஏகாம்பரநாதர். இதற்கு ஏன் இத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. கைலாசநாதர் நிழலில்லாத கோயில், கிழக்குப் பார்த்தது, காலை வெளிச்சத்தில்தான் சிற்பமும் நன்றாகத் தெரியும், தரையும் பொறுக்கும். பதினொரு மணிக்கு மேல் நிழல் பிரகாரம் இருக்கிற கோயிலுக்குள் இருப்பதுதான் புத்தி. ஊருக்குள் நுழைந்ததும் ஏகாம்பரநாதர் கோபுரம் கண்ணில் படுகிறது என்பதற்காக எல்லோரும் அங்கே முதலில் போகிறோம், நானும் போனேன். பையில் நாலைந்து ஜோடி கெட்டிச் சாக்ஸும் வைத்திருக்கிறேன்.

மத்தியானத்துக்கு முன் இரண்டு கோயில், நாலுக்கு மேல் இரண்டு, அதற்கு மேல் ஒத்துக்கொள்வதில்லை. எது முக்கியம் என்று முந்தின நாளே ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுகிறேன். அன்றைக்கு அதைக் கேட்டிருந்தால் பெங்களூர் அம்மாவுக்கு நாலரை மணிக்குக் காமாட்சியம்மன் கோயிலுக்கு ஓர் ஆட்டோ பிடித்துக் கொடுத்திருக்கலாம், மாணவிகளுக்குச் செய்ததுபோல. அது எனக்குத் தோன்றவே இல்லை. இந்த நிகழ்வில் திரும்பிப் பார்க்கும்போது ரொம்ப உறுத்துவது பெரியவர் விஷயத்தைவிட இதுதான், ஏனென்றால் அவருக்கு அன்று யாராவது ஒருவர் கூடவே இருந்தார்கள்.

டிபனைத் தள்ளிப்போடுவதில்லை. ஓட்டலில் கூட்டம் என்றால் வண்டியிலேயே இருக்கிறது, இட்லிப் பொட்டலம், கிளம்புகிற இடத்திலேயே வாங்கி ஏற்றிவிடுகிறேன். குளுக்கோஸ் பாக்கெட்டும் பழச்சாறும் எப்போதும் பையில். முதலுதவிப் பயிற்சி ஒரு நாள் போய்விட்டு வந்தேன். உட்கார்ந்து சாப்பிடும்போது 'சீக்கிரம்' என்ற வார்த்தையைச் சொல்வதில்லை, கடைசி ஆள் இலையை மடிக்கும்வரை நானும் எழுந்திருப்பதில்லை.

ஏற்றுகிற இடங்களை இரண்டாகக் குறைக்கச் சொல்லி ஏஜென்சியிடம் கேட்டேன். மூன்றாக்கியிருக்கிறார்கள். படிவத்தில் உடல்நிலை பற்றி ஒரு வரி சேர்த்தார்கள், பெரும்பாலும் காலியாகவே வருகிறது. அதனால் முந்தின நாள் சாயங்காலம் நானே போன் போட்டு, பெரியவங்க யாராவது காலையில் மாத்திரை போடுவாங்களா, எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்று கேட்கிறேன். போன வாரம் ஒருவர், 'சார், நீங்க கைடா டாக்டரா?' என்றார். அப்புறம் உள்ளே திரும்பி, 'அம்மா, உன் மாத்திரை எத்தனை மணிக்கு?' என்று கத்திக் கேட்டுச் சொன்னார்.